முகத்தில் தெரியாத நோய்

காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு வில்லாபுரத்தில் ஏது? மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரத்தை நோக்கிச் செல்லும் சாலையையொட்டி, வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் நெருக்கமான தெருக்களுமாய் விரிந்து கிடக்கிறது இப்பகுதி. ஐப்பசி மழை ஓய்ந்ததும் இங்கே காய்ச்சல் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கும். மிளகு இரசமும் நிலவேம்புக் குடிநீரும் அடுப்பில் கொதிக்கும். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, நான்காம் நாள் வேலைக்குப் புறப்பட்டு விடுவோர் பலர். 2006-இல் சிக்குன்குனியா வந்து மூட்டுகளை முடக்கிற்று. அதன் பின் டெங்கு வந்தது. 2020-இல் கொரோனா வந்து தெருக்களையே அடைத்தது. இவையெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்த காய்ச்சல்கள்.

பெயர் சொல்லாமல் வந்து, பெயர் சொல்லாமலே போய்விடும் காய்ச்சல் ஒன்றும் உண்டு. அது வந்த சுவடே தெரிவதில்லை. ஆனால் அது வந்து போன பிறகு அம்மனிதரின் உடலுக்குள் எல்லாம் மாறிவிட்டிருக்கும். எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி மனித உடலில் குடியேறும்போது மூட்டிவிடும் முதற் காய்ச்சலே அது.

இந்நோயைப் பற்றி எழுத இனி என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். தமிழ் மண்ணில் இக்கிருமி கண்டறியப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவரொட்டிகளும் வானொலி உரைகளும் பள்ளிப் பாடங்களும் வேண்டிய மட்டும் பேசிவிட்டன. ஆயினும் ஓர் எளிய உண்மை இன்னும் நம் நெஞ்சில் இறங்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். இந்நோய் முகத்தில் தெரிவதில்லை என்பதே அவ்வுண்மை. ஒருவரின் தோற்றத்தைக் கொண்டோ, தொழிலைக் கொண்டோ, நடத்தையைக் கொண்டோ இதனைக் கண்டுபிடிக்க முயன்றவர்கள் அனைவரும் ஏமாந்தார்கள். குருதியைச் சோதித்தவர்களே உண்மையைக் கண்டார்கள். இந்நோயின் வரலாறு முழுவதும் நமக்குக் கற்பிப்பது இதனைத்தான்.

உலகம் கேட்ட முதற்செய்தி

1981-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் சிறியதொரு செய்தி வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரிதானதொரு நுரையீரல் அழற்சி ஏற்பட்டிருந்தது. உடலின் தடுப்பாற்றல் சீராக உள்ளவரை அண்டாத கிருமியால் வருவது அந்த அழற்சி. நேற்றுவரை நலமாய் இருந்த இளைஞர்களை அது ஏன் பற்றியது என்று மருத்துவர்கள் திகைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மருத்துவ உலகம் இந்நோயின் தொடக்கத்தைப் பார்க்கவில்லை. முடிவையே முதலில் பார்த்தது. ஒரு நூலின் இறுதி அத்தியாயத்தை முதலில் வாசித்தவர் நிலையில் அம்மருத்துவர்கள் இருந்தார்கள். முன் அத்தியாயங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் வாசிக்காமல், அந்த உடல்களுக்குள் எழுதப்பட்டிருந்தன.

1983-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லூக் மோந்தாஞ்சியேயும் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அது கிடைத்த இடம் பொருள் பொதிந்தது. முற்றிய நோயாளியின் நுரையீரலில் அன்று, நெறி கட்டியிருந்த ஒருவரின் நிணநீர்க் கணுவில் அது கிடைத்தது. நோயின் முந்தைய அத்தியாயம் அங்கேதான் முதன்முதலாய்த் திறந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் குழுவினர் எய்ட்ஸ் நோய்க்கு இத்தகைய கிருமியே காரணம் என்று நிறுவினர். 1985-இல் குருதிச் சோதனை நடைமுறைக்கு வந்தது. 1986-இல் கிருமிக்கு எச்.ஐ.வி. என்று பெயர் சூட்டப்பட்டது. பாரிசு அறிஞர் இருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிட்டிற்று.

பின்னாளைய ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. நடு ஆப்பிரிக்கக் காடுகளின் சிம்பன்சிக் குரங்குகளிடமிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கிருமி மனிதருக்குத் தாவியிருக்கிறது. இன்று கின்ஷாசா எனப்படும் நகரில் 1959-இல் எடுத்து வைக்கப்பட்ட குருதி மாதிரியிலும் அது இருந்தது. அதாவது, 1981-இல் உலகம் விழித்துக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, ஒருவர் முகத்திலும் எழுதி ஒட்டாமல் அது பயணம் செய்து கொண்டிருந்தது.

சென்னையில் ஆறு மாதிரிகள்

அந்நாளில் இந்தியாவில் நிலவிய எண்ணம் என்ன? இது மேலைநாட்டாரின் கட்டற்ற வாழ்வுக்கு வந்த நோய். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் இறையச்சமுள்ள நாட்டில் இதற்கு இடமில்லை என்பதே. நம் நாட்டுக்கு இந்நோய் வந்து சேருவதற்குள் அமெரிக்கர் மருந்து கண்டுவிடுவர் என்று நாளிதழ்கள் சில எள்ளி எழுதியதும் உண்டு. நாட்டின் முகத்தைப் பார்த்தே அதன் உடல்நலத்தைக் கணித்துவிட்டார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவ்வாறு நம்பி அமைதியடையவில்லை. 1985-இன் இறுதியில், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் பட்ட ஆய்வுக்கு இதனையே பொருளாகக் கொள்ளுமாறு கூறினார். நிர்மலா அப்போது முப்பத்திரண்டு வயதினர். சிற்றூர்ப் பின்னணியில் வளர்ந்த அவர் முதலில் தயங்கினார். கணவர் வீரப்பன் இராமமூர்த்தி ஊக்கமூட்டித் தம் வண்டியிலேயே அழைத்துச் சென்றார். பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண்களைக் காவலில் வைத்திருந்த இல்லத்துக்குச் சென்று, மூன்று மாதங்களில் 80 குருதி மாதிரிகளை நிர்மலா திரட்டினார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை. பிரித்தெடுத்த குருதி நீரை அவர் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார்.

சென்னையில் அப்போது எலிசா சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில், பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை வைத்துக் கணவருடன் இரவு இரயிலேறிக் காட்பாடிக்குப் போனார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையிலான நச்சுயிரியல் துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறங் கொண்டன. மஞ்சள் நிறம் கிருமியின் அடையாளம். அறையில் இருந்தோர் தம் கண்களையே நம்பவில்லை. மீண்டும் அந்த இல்லத்துக்குச் சென்று அதே அறுவரிடம் புதிதாய்க் குருதி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினர். அங்கு நடந்த உயர்நிலைச் சோதனையும் முடிவை உறுதி செய்தது. மே மாதத்தில், தமிழக நல்வாழ்வுத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு இவ்வாறு தமிழ் மண்ணில் தொடங்குகிறது.

அறிஞர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெற்றன. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தை நிறுவி, 2015-இல் மறையும்வரை நோயாளருக்காக உழைத்தார். மறைந்த பின் 2017-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்த ஆறு பெண்களோ எண்ணிக்கையாகவே ஏடுகளில் நிற்கிறார்கள். தங்கள் குருதியில் எதைத் தேடுகிறார்கள் என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே எண்ணிக் கை நீட்டினார்கள். ஒரு நாட்டின் கண்ணைத் திறந்த குருதி அது. அதைத் தந்தவர்களை நாடு நன்றியோடு நினைக்கவில்லை. அவர்களைச் சுட்டிக்காட்டி, ‘இது இத்தகையோரின் நோய்’ என்று எஞ்சியோர் ஆறுதல் அடைந்தார்கள். தேடப்பட்ட இடத்தில் நோய் கிடைத்தது. தேடப்படாத இடங்களில் அது இல்லை என்று பொருள் கொண்டதே நாம் அனைவரும் செய்த பிழை.

தளவாயைத் தாக்கும் பகைவன்

குருதிக்குள் நிகழ்வது என்ன என்பதை மதுரைக்காரருக்குப் பழக்கமான உவமை ஒன்றால் விளக்கலாம். விசுவநாத நாயக்கர் காலத்து மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் என்பது வழிவழிச் செய்தி. கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு. அவர்கள் அனைவருக்கும் மேலே ஆணை பிறப்பிக்கத் தளவாய் அரியநாதர். பகைவன் வரும் திசையறிந்து எந்தக் கொத்தளம் எழ வேண்டும் என்று சொல்பவர் தளவாயே. அவர் வீழ்ந்தால் கொத்தளங்கள் இடியாமல் நின்றும் பயனில்லை.

நம் உடலின் தடுப்பாற்றலிலும் இத்தகைய தளவாய் உண்டு. வெள்ளணுக்களில் ஒருவகையான சி.டி.4 அணுக்களே அவை. அயல் கிருமி புகுந்ததும், எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் அணுக்களையும், நோயுற்ற அணுக்களை அழிக்கும் அணுக்களையும் ஏவுவது இவற்றின் பணி. நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும்.

மற்றக் கிருமிகள் கொத்தளங்களைத் தாக்குகையில் எச்.ஐ.வி. நேரே தளவாயைத் தாக்குகிறது. தன் மேலுறையிலுள்ள புரதத்தால் சி.டி.4 அணுவைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தன் மரபுச் செய்தியை மனித அணுவின் மரபுச் செய்தியைப் போலப் பெயர்த்து எழுதுகிறது. பின் அதனை அந்த அணுவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே செருகிவிடுகிறது. இனி அந்த அணுவுக்குத் தன் ஓலை எது, பகைவனின் ஓலை எது என்று பிரித்தறியத் தெரியாது. தளவாயின் முத்திரையிட்டே பகைவனின் ஆணைகள் வெளியேறுகின்றன. சிகிச்சை இல்லாத உடலில் நாளொன்றுக்குப் பல நூறு கோடிப் புதிய கிருமிகள் இவ்வாறு பிறக்கின்றன. பிறப்பித்த அணு மடிகிறது. நோய்த்தொற்றிய சில வாரங்களிலேயே குடற்சுவரில் குடியிருக்கும் சி.டி.4 அணுக்களில் பெரும்பகுதி அழிந்துபடுகிறது.

முதல் அறிகுறிகள் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தலைவலி, உடல்வலி, மூட்டுவலி ஆகியன வரலாம். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டலாம். மேனியில் செந்தடிப்பும் வாயில் புண்ணும் தோன்றலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கும் இரவு வியர்வையும் உண்டு. பலருக்கு இவற்றுள் சில மட்டுமே இருக்கும். சிலருக்கு எதுவுமே இராது. வாசகர் இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குக. டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் இதே அறிகுறிகள் இல்லையா? வில்லாபுரத்து மருந்துக் கடைக்காரர் இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்புவதில் வியப்பென்ன? ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் தானாகத் தணிகிறது. மாத்திரையால் தணிந்தது என்றே அவர் எண்ணிக் கொள்கிறார்.

உண்மையில் தணிவித்தது உடலேதான். கிருமியின் முதற் பெருக்கைக் கண்டு உடல் வீறுகொண்டு எழுந்து, அதனை ஓரளவு அடக்குகிறது. காய்ச்சலும் தடிப்பும் அந்தப் போரின் புகையே. குறைந்த சி.டி.4 எண்ணிக்கையும் ஓரளவு மீள்கிறது. ஆனால் பகைவன் அழியவில்லை; நிணநீர்க் கணுக்களில் பதுங்கி அன்றாடம் போரிட்டுக் கொண்டிருக்கிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல் அடிக்கும் அந்நாள்களில் குருதியில் கிருமி உச்ச அளவில் இருக்கிறது. பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போது மிகுதி. ஆனால் எதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனையோ அப்போது ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். எதிர்ப்பொருள்கள் கண்டறியும் அளவுக்குச் சேர மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் இக்காலச் சோதனைகள் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன, முற்றும் நீக்கவில்லை. எனவேதான் ஐயத்துக்கு இடமிருப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

அதன் பின் வருவது நீண்ட அமைதி. சிகிச்சை இன்றியே எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஒருவர் உண்டு, உடுத்து, உழைத்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று வாழலாம். ஆண்டுதோறும் சி.டி.4 எண்ணிக்கை சிறிது சிறிதாய்க் கரைகிறது. அது 200-க்குக் கீழே இறங்கும்போது, நலமுள்ள உடலில் வாலாட்ட முடியாத கிருமிகளெல்லாம் துணிந்து வருகின்றன. அந்நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. உள்ளவர் அனைவரும் எய்ட்ஸ் நோயாளர் அல்லர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

சானடோரியத்தின் கதவு

நம் நாட்டில் அவ்வாறு துணிந்து வரும் கிருமிகளுள் முதன்மையானது காசநோய்க் கிருமி. ஆகவே எய்ட்ஸ் நோயாளர்கள் முதலில் காசநோய் மருத்துவமனைகளின் கதவுகளையே தட்டினார்கள். தாம்பரம் சானடோரியம் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவரால் தொடங்கப்பட்டது. காச நோயாளரைக் கண்டு ஊரே ஒதுங்கிய காலத்தில், நல்ல காற்றும் நல்ல உணவும் தந்து பேண அவர் நிறுவிய இடம் அது. பின்னர் அரசு அதனை ஏற்றது. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளரை அது சேர்த்துக் கொண்டது. ஒரு தலைமுறையின் ஒதுக்கப்பட்டோருக்காகத் திறந்த கதவு, மறு தலைமுறையின் ஒதுக்கப்பட்டோருக்கும் திறந்தது.

கிருமியை அடக்கும் மருந்துகள் ஏழைக்கு எட்டாக் கனியாயிருந்த அந்நாளில், அங்குள்ள மருத்துவர்கள் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளைத் தந்து நோயாளரின் துயர் தணிக்க முயன்றார்கள். கிருமியைக் கட்டும் மருந்து பின்னால்தான் வந்தது. ஆயினும் ‘உனக்குச் செய்ய ஒன்றுமில்லை’ என்று சொல்லாமல் ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து அமரவைத்த அந்த மனத்தை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. மதுரைப் பகுதியிலும் திருமங்கலம் சாலையை அடுத்த ஆஸ்டின்பட்டி நெஞ்சக மருத்துவமனை காச நோயாளருக்குப் புகலாய் நிற்கிறது. காசநோயும் எச்.ஐ.வி.யும் இணைந்தே நடப்பதால், இன்று காசநோய் கண்டவருக்கு எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய்ச் சோதனையும் செய்வது முறையாகிவிட்டது.

புள்ளிராஜாவைத் தேடியவர்கள்

2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களிலெல்லாம் ஒரு வினா ஒட்டப்பட்டிருந்தது நினைவிருக்கலாம்: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ யார் இந்தப் புள்ளிராஜா என்று தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் பேச்சு எழுந்தது. நோயைப் பற்றி வாய் திறக்கவே கூசிய மக்களை அந்த வினா பேசவைத்தது என்பது உண்மை. அதே வேளையில், ஊருக்கு ஊர் சிலருக்குப் புள்ளிராஜா என்று பட்டப்பெயர் சூட்டிச் சிரித்ததும் உண்மை. நோய் இன்னமும் ‘அவனுடைய’ நோயாகவே இருந்தது.

ஆனால் அவனுடைய வீட்டில் யார் இருந்தார்கள்? மனைவி இருந்தாள். திருமணத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காத பெண்கள், கணவன் இறந்த பிறகோ, கருவுற்றுச் சோதனைக்குச் சென்றபோதோ, தங்கள் குருதியில் கிருமி உண்டென்று அறிந்தார்கள். அவ்வாறு மணவாழ்வில் நோய் பெற்றவர்களுள் ஒருவரான நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா, 1998-இல் தம் போன்ற பெண்களைத் திரட்டிச் சென்னையில் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் மேடையேறிப் பேசிய முதற்பெண்களுள் அவர் ஒருவர்.

அவரைப் போன்றோரை ‘குற்றமற்றவர்கள்’ என்று நாம் இரக்கத்தோடு அழைக்கிறோம். அச்சொல்லை நாம் சற்று எடைபோட வேண்டும். சிலரைக் குற்றமற்றவர் என்று பிரிக்கும்போதே மற்றவரைக் குற்றவாளி என்று தீர்ப்பிட்டு விடுகிறோம். கிருமியோ அந்தத் தீர்ப்பைக் கேட்டு நடப்பதில்லை. அதற்குத் தேவை சி.டி.4 அணு ஒன்று மட்டுமே. தொழுநோயாளரை நம் ஆண்டவர் தொட்டபோது, நோய் எப்படி வந்தது என்று முதலில் விசாரித்துவிட்டுத் தொடவில்லை என்பதை நற்செய்தி அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. இந்திய ஆயர் பேரவையும் 2005-இல் எய்ட்ஸ் குறித்துத் தன் கொள்கையை வெளியிட்டபோது, இரக்கத்தையும் பேணுதலையுமே அதன் உயிர்நாடியாய் வைத்தது.

மருந்து வந்த வழி

1987-இல் முதல் மருந்தாகிய சிடோவுடின் வந்தது. தனித்து நின்ற அம்மருந்தைக் கிருமி விரைவில் ஏமாற்றிவிட்டது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோதுதான் நிலை மாறிற்று. ஒன்றை ஏமாற்றும் கிருமியால் மூன்றையும் ஒருங்கே ஏமாற்ற இயலவில்லை. ஆனால் அதன் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அதனைத் தர முன்வந்தது. உலகின் ஏழை நாடுகளுக்கு வழி திறந்தது அன்றுதான். 2004 ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாய் வழங்கத் தொடங்கியது. தொடங்கிய இடங்களுள் தாம்பரமும் ஒன்று. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை மையம் அமைந்தது.

தொடக்கத்தில், சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே சரிந்த பிறகே மருந்து கொடுத்தார்கள். நோயின் இறுதி அத்தியாயத்தில்தான் மருத்துவம் நுழைந்தது எனலாம். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை மாற்றியது. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களிடம் நடந்த அந்த ஆய்வில் சென்னையும் ஒரு களம். விரைந்து மருந்து தொடங்கியவர்களிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கு நோய் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் 2017 முதல் எண்ணிக்கை எதுவாயினும் நோய் அறிந்தவுடன் மருந்து தொடங்கப்படுகிறது. அளவறியும் சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று உறுதியான அறிவியல். மரபணுவுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை வேரோடு பிடுங்க இம்மருந்தால் இயலாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். உட்கொள்பவர் முதுமை காணும்வரை வாழலாம்.

சாத்தூர் தந்த பாடம்

அறிவும் மருந்தும் இவ்வளவு வளர்ந்த பின்னும் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2018 டிசம்பரில், மதுரைக்குத் தெற்கே சாத்தூர் அரசு மருத்துவமனையில், குருதிச்சோகை இருந்த கருவுற்ற பெண் ஒருவருக்குக் குருதி ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனைக் குருதி வங்கியிலிருந்து வந்த அதில் எச்.ஐ.வி. இருந்தது. அதனைக் கொடையளித்த இளைஞருக்குத் தம் உடல்நிலை தெரியாது. இரண்டாண்டுகளுக்கு முன்னும் அவர் குருதி கொடுத்திருக்கிறார். அப்போதே நோய் தெரிந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் உண்மையை அறிந்ததும், தம் குருதி பிறருக்குப் போய்விடக் கூடாதே என்று அவரே ஓடிவந்து சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. துயரமும் பழிச்சொல்லும் தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்ட அவர், அம்மாத இறுதியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்தார்.

அதே மருத்துவமனையில், மறுமாதம் அப்பெண் ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்தார். காலத்தோடு தரப்பட்ட கூட்டு மருந்தின் பயனாக, குழந்தைக்கு நோய் தொற்றவில்லை. சிகிச்சை இல்லையேல் தாயிடமிருந்து நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடிய நோய் இது.

ஒரே மருத்துவமனையில் ஓர் இறப்பு, ஒரு பிறப்பு. குழந்தையைக் காத்தது மருந்து. இளைஞரை மாய்த்தது கிருமி அன்று. அவர் உடலில் அது இன்னும் பெருந்தீங்கு செய்திருக்கவில்லை. மருந்து உண்டு வாழ்ந்திருக்கக் கூடியவர் அவர். நேர்மையோடு முன்வந்து உண்மை சொன்ன ஒருவர் தலைநிமிர்ந்து வாழ முடியாது என்று எண்ணும்படி அவரைச் சூழ்ந்திருந்த உலகம் இருந்தது. அந்த உலகத்தில் நாமும் உண்டு.

நாம் செய்யக்கூடியது

எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேலையோ, கல்வியோ, சிகிச்சையோ, வாடகை வீடோ மறுக்கக் கூடாது என்று 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் கூறுகிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒருவரின் இசைவின்றிச் சோதிப்பதையும், அவர் நிலையைப் பிறரிடம் வெளியிடுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. 1986-இல் அந்த ஆறு பெண்களுக்குக் கிடைக்காத உரிமை, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று. ஆனால் வாடகை வீட்டின் சாவியை வைத்திருப்பது சட்டம் அன்று. நம்மைப் போன்ற ஒருவர். அன்பியக் கூட்டத்தில் யார் வீட்டுத் தேநீரை யார் பருகாமல் வைத்துவிட்டு எழுகிறார் என்பதைச் சட்டம் வந்து பார்ப்பதில்லை. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே குவளையில் பருகுவதாலோ, கொசுக்கடியாலோ இந்நோய் தொற்றாது என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படித்துவிட்டார்கள். பெரியவர்களின் கைகள்தாம் இன்னும் தயங்குகின்றன.

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள். நம் பங்கில் யாரும் இல்லை என்று எந்தப் பங்கும் சொல்ல இயலாது. சொல்ல முடிவதெல்லாம், நம்மிடம் யாரும் சொல்லவில்லை என்பதே. ஏன் சொல்லவில்லை என்பதே நாம் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

காய்ச்சல் கண்டவரெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. வில்லாபுரத்துக் காய்ச்சல்களுள் மிகப் பெரும்பாலானவை வெறும் காய்ச்சல்களே. ஆனால் தொற்றுக்கு வாய்ப்பிருந்தது என்று உள்மனம் அறிந்தவர், காய்ச்சல் தணிந்ததே போதும் என்று இருந்துவிடலாகாது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முடிவு இரகசியமாய்க் காக்கப்படும். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். திருமணத்துக்கு முன் சாதகம் பார்ப்போரும், ஓலை வாசிப்போரும், இருவருமாய்ச் சென்று தாமே விரும்பிக் குருதிச் சோதனை செய்துகொள்வதில் இழுக்கு ஏதுமில்லை.

அங்கே போகத் தயங்கி வாசலில் நிற்கும் ஒருவர் நம் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, கோவிலில் நம் பக்கத்தில் முழந்தாளிடுபவராகவோ இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து நம்மால் அறிய முடியாது. ஆனால் அவர் நம் முகத்தைப் பார்த்து, இவரிடம் சொல்லலாமா கூடாதா என்பதை அறிந்துகொள்வார்.